புத்தகம் படித்துப் பணம் பெருகுமா?

"அந்தக் கம்பெனி என்னதான் செய்கிறது?"

நமது வீட்டில் ஓர் இரவு, சாப்பாடான பிறகு, இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் நமது மனைவி. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் நாம். கேள்விக்கு உரிய கம்பெனியின் பங்குகள் ஆயிரத்தை, ஒன்று 84 ரூபாய் வீதம், சில மாதங்களுக்கு முன்பு நாம் வாங்கியிருந்தோம். அன்றைய தினம் அதன் விலை 19 ரூபாய். போட்ட பணமோ, பெண்ணின் கல்லூரிப் படிப்புக்கென்று தபாலாபீஸில் சேர்த்து வைத்திருந்த பணம்.

இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணிதம் போதித்து வரும் நமக்கு, இந்த நஷ்டத்தைச் சதவீதத்தில் சொல்வதற்குக் காகிதமும் பென்ஸிலும் தேவைப்படவில்லை. நூற்றுக்கு 77-க்குச் சற்று மேல். ஆனால் மனைவி அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று கேட்டார். ஏதோ ரசாயனம் சம்பந்தப்பட்டது என்றோம். "சம்பந்தப்பட்டது என்றால்? செய்கிறார்களா, வாங்கி விற்கிறார்களா?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. நாம் மௌனம் சாதித்தோம். ஆசிரியர் அறையில் ஓர் அன்பர், "ஸார், இரண்டே மாதத்தில் இரட்டிப்பு!" என்று காதோடு சொன்னார், நாம் கைப்பேசியை எடுத்து இரண்டு தடவை விரலால் தொட்டோம், பங்குகள் நம்முடையவாயின. நாம் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான். கத்திரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிற குடும்பம் நம்முடையது என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். விலை கொடுத்து வாங்கின மாட்டையும் பார்க்கலாகாது என்று அவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த ஆனி மாதம் கல்லூரிக் கட்டணத்துக்காக மனைவியின் வளையல்கள் இரண்டு கூட்டுறவு பாங்கியின் இரும்புப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. அன்று முதல் நாம் மாணாக்கரானோம்.

*

பங்கு வாங்குகிறவன் வியாபாரத்தின் ஒரு துண்டை வாங்குகிறான். ஆகையால் அந்த வியாபாரத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, அதற்குக் குறைந்த விலையில் வாங்க வேண்டும். இந்தச் சாமானிய யோசனையைச் சாஸ்திரமாக்கியவர் பெஞ்சமின் கிரஹாம். 1894-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் வந்து சேர்ந்தவர். 1903-ல் தகப்பனார் காலமானார். சென்னையில் அர்பத்நாட் பாங்கி முறிந்து பல குடும்பங்கள் கதறியது 1906-ஆம் வருஷம் அக்டோபரில். அதற்கு மறு வருஷம் அதே அக்டோபரில் நியூயார்க்கில் பாங்கிப் பீதி உண்டாயிற்று. கிரஹாமின் தாயார் அதில் கையிருப்பை இழந்தார். ஆகவே, பங்கு மார்க்கெட்டினால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்ற பாடம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

கொலம்பியா ஸர்வகலாசாலையில் 1914-ல் அவர் பட்டம் பெற்ற சமயம், கணிதம், தத்துவம், ஆங்கிலம் ஆகிய மூன்று பகுதிகளிலும் உபாத்தியாயர் வேலைக்கு அவரை அழைத்தார்களாம். மூன்றையும் விட்டு விட்டு வால் ஸ்ட்ரீட்டில் ஒரு தரகுக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். (நம்மை ஒரு பகுதிக்கு அழைத்ததே நமது பாக்கியம் என்று எண்ணுகிறோம்.) ஆனால் உபாத்தியாயத் தொழில் அவரை விடவில்லை. 1928 முதல் கொலம்பியாவிலேயே மாலை வகுப்பு நடத்தினார். டேவிட் டாட் என்ற பேராசிரியர் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புகளிலிருந்து வளர்ந்து 1934-ல் வெளியானது "செக்யூரிட்டி அனாலிஸிஸ்" என்னும் பெரிய புத்தகம்.

பெரிய புத்தகம் என்று நாம் மரியாதைக்காகச் சொல்லவில்லை. எழுநூறு பக்கத்துக்கு மேல் போகிறது. ஆர்வ மிகுதியால் முதலில் அதைத்தான் தருவித்தோம். தை மாதம் ஆரம்பித்து, பங்குனி வரையில் அமெரிக்க ரயில்வே கடன் பத்திரங்களுக்கு நடுவே வழி தெரியாமல் அலைந்தோம். புத்தகத்தின் பேரில் குற்றமில்லை. ஐந்தொகையைப் படிக்கத் தெரியாதவன் அதைத் தொடுவது, வாய்ப்பாடு தெரியாத பையன் வடிவ கணிதத்துக்கு வந்தது போலாகும். பக்கத்து நாற்காலியில் உட்காரும் வணிகவியல் ஆசிரியரிடம் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடப் புத்தகத்தை இரவல் வாங்கினோம். நமது வாழ்நாளில் படித்த பொருளாதார நூல்களில் உடனடிப் பிரயோஜனம் தந்தது அதுதான் என்பதை வெட்கமின்றி ஒப்புக் கொள்கிறோம். அதன் பிறகு, கிரஹாமே இன்னொருவருடன் சேர்ந்து 1937-ல் எழுதிய "நிதி அறிக்கைகளைப் புரிந்துகொள்வது" என்னும் சிறு நூல். அதன் பிறகு, பொது ஜனங்களுக்காக அவர் 1949-ல் எழுதிய "இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்". கடைசியாக மறுபடியும் அந்தப் பெரிய புத்தகம். இந்த வரிசையில் வந்திருந்தால் நமக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

1949-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் எட்டாவது, இருபதாவது என்ற இரண்டு அத்தியாயங்களையும் எவ்வளவு தடவை படித்தாலும் தகும். வாரன் பஃபெட் என்னும் பெரும் செல்வர் பத்தொன்பதாவது வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்து விட்டு, அதன் ஆசிரியரிடமே பாடம் கேட்கக் கொலம்பியாவுக்குப் போனவர். அவரும் இந்த இரண்டு அத்தியாயங்களைத்தான் விசேஷமாகச் சொல்லுகிறார்.

எட்டாவது அத்தியாயத்தில் திருவாளர் மார்க்கெட் என்று ஒரு கனவான் வருகிறார். ஒரு வியாபாரத்தில் அவர் நமக்குக் கூட்டாளி. தினந்தோறும் காலையில் வந்து, "உம்முடைய பாகத்தை இன்ன விலைக்கு வாங்கிக் கொள்கிறேன், வேண்டுமானால் என் பாகத்தையும் அதே விலைக்குத் தருகிறேன்" என்பார். சில நாள் உற்சாகம் தலைக்கேறி, கொள்ளை விலை சொல்லுவார். சில நாள் உலகமே முடிந்து விட்டது போல முகத்தைத் தொங்க விட்டுக் கொண்டு, அடிமாட்டு விலை சொல்லுவார். நாம் பதில் சொல்லாவிட்டால் கோபித்துக் கொள்ள மாட்டார். மறு நாளும் வருவார். இப்படிப்பட்ட கூட்டாளியிடம் வியாபாரம் செய்யலாம். அவரிடம் வியாபாரத்தின் மதிப்பைப் பற்றி யோசனை கேட்கலாமா? நாமோ அந்த ஆயிரம் பங்குகளை வாங்கியது முதல், ஒவ்வொரு பீரியட் மணி அடித்ததும் கைப்பேசியை எடுத்து அவரிடம் யோசனை கேட்டுக் கொண்டிருந்தோம்.

இருபதாவது அத்தியாயம் பத்திர இடைவெளியைப் பற்றியது. நூறு ரூபாய் பெறும் என்று நாம் மதிக்கிற பொருளை அறுபது ரூபாய்க்கு வாங்கினால், நமது மதிப்பு ஓரளவு பிசகியிருந்தாலும் பிழைத்துக் கொள்ளலாம். தொண்ணூற்றெட்டு ரூபாய்க்கு வாங்குகிறவன் கணக்கில் துளியும் பிசகலாகாது. பாலம் கட்டுகிற எஞ்சினீயர் பத்து டன் லாரி போவதற்கு முப்பது டன் தாங்கும் பாலம் கட்டுகிற மாதிரிதான் இதுவும். கணித ஆசிரியர்களுக்கு இந்த அத்தியாயம் சிறிது மனக் கஷ்டம் கொடுக்கும். விடை சரியா தப்பா என்று கேட்டே பழகியவர்கள் நாம்.

*

இந்தச் சாஸ்திரம் ஏட்டுச் சுரைக்காய் தானோ என்று சந்தேகப்படும் நேயர்களுக்கு, கிரஹாமின் சொந்த அநுபவத்திலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். நமக்கு மிகவும் பிடித்தமான சம்பவம். சற்று விஸ்தாரமாகவே சொல்வோம்.

அமெரிக்காவில் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் என்ற மாபெரும் எண்ணெய்க் கம்பெனியை 1911-ல் சுப்ரீம் கோர்ட்டார் பல கம்பெனிகளாகப் பிரித்து விட்டார்கள். அவற்றில் எட்டுக் கம்பெனிகள் எண்ணெயைக் குழாய் வழியாகக் கொண்டு போகும் தொழிலைச் செய்தவை. வருஷா வருஷம் பங்குதாரர்களுக்கு அவை அனுப்பிய கணக்கில் நாலு வரிதான் இருக்கும். வால் ஸ்ட்ரீட்டில் அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1926-ல் கிரஹாம் ஏதோ ஓர் அறிக்கையைப் புரட்டியபோது, குழாய்க் கம்பெனிகளைப் பற்றிய சில எண்களுக்கு அடியில், அவை வாஷிங்டனில் உள்ள மாகாணங்களுக்கிடை வர்த்தகக் கமிஷனுக்கு அனுப்பிய அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற குறிப்பைக் கண்டார். அப்படியானால் அங்கே முழு அறிக்கையும் இருக்க வேண்டுமே! ரயிலேறி வாஷிங்டனுக்குப் போனார். ரிகார்டு அறையில் கேட்டார். கொண்டு வந்து கொடுத்தார்கள்.

நார்தர்ன் பைப் லைன் என்ற கம்பெனியின் பங்கு அப்போது 65 டாலருக்கு விற்றுக் கொண்டிருந்தது. வருஷத்துக்கு 6 டாலர் டிவிடெண்டு. அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? பங்கு ஒன்றுக்கு 95 டாலர் வீதம், ரயில்வே கடன் பத்திரங்களும் அவை போல உடனே பணமாக்கக் கூடிய பிறவும் கம்பெனியின் பெட்டியில் தூங்கிக் கொண்டிருந்தன! குழாய், நிலம், தொழில் எல்லாம் இதற்கு மேல். 95 ரூபாய் உள்ள மணிபர்ஸை 65 ரூபாய்க்கு விற்பதும் இதுவும் ஒன்றே. அந்த அறிக்கையை யாரும் மறைத்து வைக்கவில்லை. ஸர்க்கார் அலுவலகத்தில் எவர் கேட்டாலும் காட்டியிருப்பார்கள். கேட்டவர்தான் இல்லை.

கம்பெனியின் மொத்தப் பங்குகள் 40,000. கிரஹாம் சிறிது சிறிதாக 2,000 பங்குகள் வாங்கினார். பிறகு நிர்வாகிகளிடம் போய், "தொழிலுக்கு வேண்டாத பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்து விடுங்களேன்" என்று கேட்டார். அது நடக்காத காரியம் என்றார்கள். 1927-ஆம் வருஷம் ஜனவரியில், பென்ஸில்வேனியாவில் ஆயில் ஸிடி என்ற சிற்றூரில் நடந்த வருஷாந்தரக் கூட்டத்துக்கு, கடும் பனியில், தன்னந்தனியாகப் போய்ச் சேர்ந்தார். தமது யோசனையைப் பேச எழுந்தார். பிரேரணையாகக் கொண்டு வந்து, ஆமோதிப்பதற்கும் ஆள் வேண்டும் என்றார்கள். ஆமோதிப்பதற்கு ஆள் ஏது? கூட்டம் நிமிஷத்தில் முடிந்தது. நமது ஊர் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வந்த அன்பர்களுக்கு இந்தக் காட்சியை வர்ணிக்க வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் மறுபடியும் போனார். இடையில் மற்றப் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய வாக்குகளைச் சேகரித்திருந்தார். இந்தத் தடவை கிரஹாம் பக்கத்துக்கு இரண்டு டைரக்டர் ஸ்தானங்கள் கிடைத்தன. சிறிது காலத்துக்கெல்லாம், முன்பு முடியவே முடியாது என்றிருந்த நிர்வாகம், பங்கு ஒன்றுக்கு 70 டாலர் பணத்தைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. பங்கும் கையில் மிச்சம்!

இதைப் படித்து முடித்த இரவு நாம் வெகு நேரம் தூங்கவில்லை. கிரஹாம் ரயிலேறிப் போய்ப் பார்த்ததை, இன்று மார்க்கெட்டில் பதிவான எந்தக் கம்பெனியானாலும் நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். வருஷாந்தர அறிக்கை கைப்பேசியிலேயே வந்து விடுகிறது. நாம் அந்த 84 ரூபாய்ப் பங்கின் அறிக்கையை அப்போதுதான் முதல் தடவையாகத் திறந்தோம். விற்பனை மூன்று வருஷமாகக் குறைந்திருந்தது. கடன் மூன்று வருஷமாக ஏறியிருந்தது. எட்டாம் வகுப்புப் பையன் கண்டுபிடித்திருப்பான்.

*

கிரஹாம் சொன்ன கணக்குகளில் மிகவும் கறாரானது ஒன்றை மாத்திரம் இங்கே காட்டுவோம். ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக் கொள்வோம். கையிருப்புப் பணம், சரக்கு, வர வேண்டிய பாக்கி ஆகிய நடப்பு ஆஸ்திகள் மொத்தம் 90 கோடி. கொடுக்க வேண்டிய கடன் சகலமும் 30 கோடி. மிச்சம் 60 கோடி. பங்குகள் ஒரு கோடியானால், பங்குக்கு 60 ரூபாய். கட்டடம், இயந்திரம் எதற்கும் ஒரு காசும் மதிப்புப் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த 60-ல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 ரூபாய்க்குள் கிடைத்தால் வாங்கலாம். அதுவும் ஒரே கம்பெனியில் அல்ல. பல கம்பெனிகளில் பரவலாக.

1932-ல் அமெரிக்காவில் இம்மாதிரிப் பங்குகள் தெருவில் இறைந்து கிடந்தன. இன்று அபூர்வம். அகப்பட்டாலும், ஏன் அகப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்தொகையில் எழுதியிருக்கிற பணம் பெட்டியில் இருக்கிறதா என்பதைப் புத்தகம் சொல்லாது. 2009-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவரே கடிதம் எழுதி, தமது கணக்கில் காட்டிய கையிருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம் என்று ஒப்புக் கொண்டார். தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கு அது! புத்தகம் படித்தவர்களும் அன்று நஷ்டப்பட்டார்கள்.

புத்தகம் எழுதினவரே நஷ்டப்பட்டவர் என்பதையும் மறைக்கலாகாது. அமெரிக்க மார்க்கெட்டின் டௌ ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381. 1932 ஜூலையில் 41. அந்தச் சரிவில் கிரஹாமின் நிதி ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது கரைந்து போயிற்று. கடன் வாங்கியும் முதல் போட்டிருந்தார். பங்குதாரர்களின் பணத்தைத் திரும்பச் சம்பாதித்துத் தரும் வரையில் சில வருஷங்கள் ஊதியமே இல்லாமல் உழைத்தார். "செக்யூரிட்டி அனாலிஸிஸ்" அந்த வருஷங்களில் எழுதப்பட்டது. நமக்கு அந்தப் புத்தகத்தில் நம்பிக்கை பிறந்ததற்கு அதுவே முக்கிய காரணம்.

மற்றப் புத்தகங்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஜான் பர் வில்லியம்ஸ் 1938-ல் எழுதிய நூல், பங்கின் மதிப்பு என்பது அது வருங்காலத்தில் தரப் போகும் பணத்தின் இன்றைய மதிப்பே என்று நிரூபிக்கிறது. கணிதம் தெரிந்தவர்களுக்கு விருந்து, மற்றவர்களுக்கு உபவாசம். பிலிப் பிஷர் 1958-ல் எழுதியது முற்றிலும் வேறு வழி: ஐந்தொகையை மூடி வைத்து விட்டு, கம்பெனியின் வாடிக்கைக்காரர், போட்டிக்காரர், பழைய சிப்பந்திகள் ஆகியோரிடம் விசாரி என்கிறார். பெண் பார்க்கப் போகும் முன் அக்கம் பக்கத்தில் விசாரிக்கும் நமது வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தால் மெச்சியிருப்பார். கிரஹாமுக்கும் பிஷருக்கும் எவ்வளவோ அபிப்பிராய பேதம். ஆனால் 1948-ல் கிரஹாமின் கம்பெனி, ஜைகோ என்ற மோட்டார் இன்ஷியூரன்ஸ் கம்பெனியில் பாதியைச் சுமார் 7 லக்ஷம் டாலருக்கு வாங்கியது. மலிவு விலைப் பங்குகளைத் தேடி அலைந்த வருஷங்களில் கிடைத்த லாபம் அனைத்தையும் விட, வளர்ந்து கொண்டே போன இந்த ஒன்றில் கிடைத்த லாபம் அதிகம். இதை அவரே பிற்காலத்தில் ஒப்புக் கொண்டு எழுதினார்.

இன்னொன்றும் ஒப்புக் கொண்டார். 1976-ல், தாம் காலமான வருஷத்தில், ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், விஸ்தாரமான ஆராய்ச்சி செய்து மலிவுப் பங்கைக் கண்டுபிடிக்கலாம் என்பதைத் தாம் இனிமேல் வற்புறுத்துவதில்லை என்று சொல்லி விட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்பு அவர் புத்தகம் எழுதியபோது கணக்குப் பார்க்கிறவர்கள் சிலரே. பிற்பாடு எல்லோரும் பார்க்க ஆரம்பித்து விட்டார்கள் என்பது அவர் வாதம். அதே வருஷம் ஆகஸ்டு 31-ல், மார்க்கெட்டில் உள்ள பெரிய கம்பெனிகளையெல்லாம் ஒட்டு மொத்தமாக வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியை அமெரிக்காவில் ஜான் போகிள் பொது ஜனங்களுக்காகத் தொடங்கினார். செப்டம்பர் 21-ல் கிரஹாம் மறைந்தார்.

ஆகவே, நேயர்கள் நம்மைப் பார்த்து, "புத்தகம் படித்துப் பணம் பெருகிற்றா?" என்று கேட்டால், அவ்வளவாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 84 ரூபாய்ப் பங்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளி விட்டோம். வளையல்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தால் மீண்டு வந்தன. பங்கு லாபத்தால் அல்ல. இப்போது நமது சேமிப்பில் பெரும் பகுதி தபாலாபீஸிலும் குறியீட்டு நிதியிலும் இருக்கிறது. நாமே படித்து வாங்கிய கம்பெனிகள் நான்கே நான்கு. ஆனால் கையை விட்டுப் போகாத பணமும் கணக்கில் சேருமானால், பதில் வேறாகும். நமது ஆசிரியர் அறையிலேயே, பங்கின் பேரில் பந்தயம் கட்டுவது போன்ற முன்பேர வியாபாரத்தில் பி.எப். பணத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2021-22 முதல் மூன்று வருஷங்களில் இந்த வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லக்ஷம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபி ஸ்தாபனம் 2024-ல் கணக்கிட்டது. கிரஹாமின் முதல் அத்தியாயத்தை, முதலீடு வேறு, ஊக வியாபாரம் வேறு என்று அவர் பிரிக்கும் அந்தச் சில பக்கங்களை, படித்து விட்டு அந்தக் களத்தில் இறங்க நமக்குத் தைரியம் வரவில்லை.

சென்ற மாதம் ஐந்தாவதாக ஒரு கம்பெனியைப் பொறுக்கி எடுத்தோம். ஆறு வாரம் படித்து, நோட்டுப் புத்தகத்தில் இருபது பக்கம் எழுதினோம். கடன் இல்லை, பத்து வருஷம் தொடர்ந்து லாபம், விலையும் நமது மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குதான். வாங்குவதற்கு முன்பு, வழக்கம் போல, அறிக்கையை மனைவியிடம் கொடுத்தோம். முன் பக்கத்துப் படங்களையும் தலைவரின் உரையையும் அவர் பார்க்கவேயில்லை. நேரே பின் பக்கத்துக் குறிப்புகளுக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு வெகு நேரம் படித்தார்.

"இவர்கள் கிடங்குக்கு மாதம் எவ்வளவு வாடகை கொடுக்கிறார்கள், பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லையே."

"கிடங்கு யாருடையது என்றாவது பார்த்தீர்களா? தலைவரின் மைத்துனருடையது. போன வருஷத்தைப் போல் இரண்டு மடங்கு வாடகை. கிடங்கு அதே கிடங்குதானே?"

மறுபடியும் நாம் மௌனம் சாதித்தோம். அறிக்கை முழுவதையும் புரட்டியும் அதற்குப் பதில் அகப்படவில்லை. பங்கை வாங்கவில்லை. அன்றையிலிருந்து அதன் விலை நூற்றுக்குப் பன்னிரண்டு ஏறியிருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.